பார்க்கின்சன் நோய்: மாத்திரையோடு பயிற்சியும் ஏன் வேண்டும்?

நெதர்லாந்தில் 58 வயதுக்காரர் ஒருவர். பார்க்கின்சன் நோய் வந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நாலு எட்டு வைப்பதற்குள் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். யாராவது தாங்கிப் பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவார். அவரையே சைக்கிளில் ஏற்றிவிட்டால் கொஞ்சமும் தடுமாறாமல் ஓட்டிக்கொண்டு போய், வளைத்துத் திருப்பி, திரும்பி வருவார். இறங்கி நின்ற அடுத்த நொடி கால் மறுபடி உறைந்துவிடும். நைமேகன் நகரத்து நரம்பியல் மருத்துவர் பாஸ்டியான் ப்ளூமும் அவருடைய சக மருத்துவரும் 2010-ல் இதை வீடியோவோடு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள்.

நம் வீடுகளில் இதே கூத்து வேறு வடிவத்தில் நடக்கும். "மாடிப்படி கடகடன்னு ஏறுறீங்க. சமதரையில மட்டும் கால் வரலையாப்பா?" என்று மகன் கேட்பார். குரலில் லேசாகச் சந்தேகம் இருக்கும். அப்பா பதில் சொல்ல மாட்டார், ஏனென்றால் அவருக்கே அது புரிவதில்லை.

புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதில்தான் இருக்கிறது. பார்க்கின்சனில் தசைக்குப் பலம் போய்விடுவதில்லை. பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கை தூக்க வராமல் போவதுபோல் இங்கே எதுவும் செயலிழப்பதும் இல்லை. கெடுவது, நாம் யோசிக்காமலே செய்கிற அசைவுகளை ஓட்டிக்கொண்டிருக்கும் ஏற்பாடு. நடப்பது, திரும்புவது, நாற்காலியிலிருந்து எழுவது, பேசும்போது குரலை ஏற்றி இறக்குவது, எச்சிலை விழுங்குவது, கண் சிமிட்டுவது என்று ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அசைவுகளை நாம் கவனிப்பதே கிடையாது. மூளையின் அடியில் இருக்கும் சில நரம்புத் திரள்கள் அவற்றைப் பார்த்துக்கொள்கின்றன. அந்த வேலைக்கு டோபமின் என்ற வேதிப்பொருள் வேண்டும். அதைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிவதுதான் இந்த நோய்.

டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, டிரைவர் தயார், டயரில் காற்றுக்கும் குறைவில்லை. ஆனாலும் கண்டக்டர் ரெண்டு விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும். டோபமின் குறைந்த மூளையில் அந்த விசில் சன்னமாகிவிடுகிறது, சில நேரம் வருவதே இல்லை. மாத்திரை அந்த விசிலுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுக்கும். பயிற்சி செய்வது வேறு வேலை: விசிலை வெளியிலிருந்து கொடுக்கக் கற்றுத்தருகிறது. மாடிப்படியில் ஒவ்வொரு படியின் விளிம்பும் "இங்கே கால் வை" என்று கண்ணுக்குச் சொல்கிறது. சைக்கிளில் ஒரு மிதி இறங்கும்போது அடுத்தது தானாக மேலே வந்து காலைத் தள்ளுகிறது. மொழுக்கென்ற சமதரையில் அப்படிச் சொல்வதற்கு எதுவும் இல்லை. (இதைப் படித்துவிட்டு அப்பாவைச் சைக்கிளில் ஏற்றி ரோட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நிறுத்தி இறங்கும்போது விழுவார். வீட்டுக்குள் வைக்கும் நிலைச் சைக்கிள் வேறு விஷயம், அது பலருக்கு நல்லது.)

பிசியோதெரபி என்றதும் நம்மூரில் பலருக்கு நினைவு வருவது 'கரண்ட் வைப்பது'. முட்டியில் ஒரு பட்டை, தோளில் ஒரு பட்டை, கால் மணி நேரம் சுருக் சுருக்கென்று இழுக்கும், முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். தோள் வலிக்கு அது உதவுகிறதோ இல்லையோ, பார்க்கின்சன் நடைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. இங்கே தெரபிஸ்ட் எந்திரத்தை விட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் நடக்க வேண்டும். எந்த இடத்தில் கால் நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்பும்போது தடுமாற்றம், எழும்போது உடம்பு பின்னால் சாய்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

நாற்காலியிலிருந்து எழுவதையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே செயல். பார்க்கின்சன் உள்ளவருக்கு அதைத் துண்டுகளாக உடைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதலில் இடுப்பை இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்த்த வேண்டும். பாதங்களை முட்டிக்குக் கொஞ்சம் உள்ளே இழுத்து, அகட்டி ஊன்ற வேண்டும். கையை நாற்காலியின் கைப்பிடியில் வைக்க வேண்டும். பிறகு குனிந்து மூக்கு முட்டியைத் தாண்டி முன்னால் வரும்வரை சாய வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் எல்லோரும் பயந்துபோய்ப் பாதியில் நிறுத்துகிறார்கள், முன்னால் கவிழ்ந்துவிடுவோம் என்று. "பயப்படாதீங்கய்யா, மூக்கு முட்டியைத் தாண்டட்டும். ம், ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தெரபிஸ்ட் எண்ணுவார். மூணுக்கு எழுந்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் அந்த எண்ணிக்கையைத் தாங்களே வாய்விட்டுச் சொல்லப் பழகுவார்கள். அதுதான் வெளியிலிருந்து வரும் விசில்.

வீட்டில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். இரண்டு கையையும் பிடித்து இழுக்கிறோம். இழுக்க இழுக்க அவர் உடம்பு பின்னால் போகும், எடை முழுவதும் குதிகாலுக்கு வரும், எழுந்த வேகத்தில் மறுபடி தொப்பென்று உட்காருவார். நமக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். அதைவிடப் பக்கத்தில் நின்று எண்ணுவது மேல். தொட்டே ஆக வேண்டுமென்றால் முதுகில் ஒரு கை வைத்து முன்னால் சாய லேசாக உதவலாம்.

கால் உறைந்து நிற்பதற்கும் இதே கணக்குதான். பெரும்பாலும் வாசல் நிலைப்படியில், பாத்ரூம் கதவருகில், குறுகலான இடத்தில், திரும்பும்போது, போன் மணி அடித்து அவசரப்படும்போது வரும். உடம்பு முன்னால் போகப் பார்க்கும், பாதம் தரையை விடாது. விழுவதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. அப்போது "நட, நட, ஏன் நிக்கிற?" என்று பின்னாலிருந்து சொன்னால் இன்னும் இறுகும். நிற்க விடுங்கள். ஒரு மூச்சு. நிமிரட்டும். எடையை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மெதுவாக மாற்றி மாற்றி ஆடட்டும். பிறகு ஒரே ஒரு பெரிய அடி. அதற்கும் வரவில்லையென்றால் அவர் பாதத்துக்கு முன்னால் உங்கள் பாதத்தைக் குறுக்கே வைத்து, "இதைத் தாண்டுங்க" என்று சொல்லிப் பாருங்கள். நடக்க வராத கால் தாண்டுவதற்கு வரும். முதல் தடவை பார்ப்பவருக்கு நம்பவே முடியாது.

தரையில் குறுக்குக் கோடு போட்டால் நடை சீராகிறது என்பதைப் பர்டன் மார்ட்டின் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1967-லேயே எழுதிவைத்துவிட்டார். இன்றும் தெரபிஸ்ட்கள் அதைச் செய்கிறார்கள். படுக்கையறையிலிருந்து பாத்ரூம் போகும் வழியில் கலர் டேப்பை ஓர் எட்டு இடைவெளிக்கு ஒன்றாக ஒட்டுவது செலவில்லாத வைத்தியம். கோடு நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். தரையின் நிறத்துக்கு எடுப்பாகத் தெரிய வேண்டும். கண்ணுக்குக் கோடு என்றால் காதுக்குத் தாளம். போனில் மெட்ரோனோம் ஆப் ஒன்றைப் போட்டு டிக் டிக்கென்ற ஒலிக்குக் கால் வைக்கலாம். பழக்கமான பாட்டை மனசுக்குள் பாடிக்கொண்டே நடப்பவர்களும் உண்டு. யாருக்குக் கோடு, யாருக்குத் தாளம் என்பதைச் செய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிலருக்கு நடை உறையாமல், அதற்கு மாறாக, சின்னச் சின்ன அடியாக வேகம் கூடிக்கொண்டே போய் ஓட்டம்போல ஆகிவிடும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ஆறு பேரை வைத்து இந்த நோயை முதன்முதலாக விவரித்தபோதே அதையும் குறித்திருக்கிறார். அவர்களுக்கு வேகமான தாளம் ஆபத்து. தெரபிஸ்ட் பார்த்து வேகத்தை வைக்க வேண்டும்.

வாக்கர் வாங்குவதற்கு முன்னாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், தூக்கித் தூக்கி வைக்கும் நாலு கால் வாக்கர் பார்க்கின்சனில் பலருக்கு ஒத்துவராது. தூக்கு, வை, நட என்று மூன்று வேலையாகிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வதுதான் அவர்களுக்கு வராத ஒன்று. அதே காரணத்துக்காக, காபி டம்ளரைக் கையில் கொடுத்து "அப்படியே போய் உட்காருங்க" என்று அனுப்பக் கூடாது. நடக்கும்போது பேச்சுக் கொடுக்கவும் கூடாது.

அடுத்தது அளவு பற்றிய குழப்பம். இந்த நோயில் அசைவுகள் சுருங்கும். அடி சின்னதாகும், கை வீச்சு குறையும், கையெழுத்து வரி போகப் போகப் பொடியாகும், குரல் தாழும். சிக்கல் என்னவென்றால் செய்பவருக்கு அது தெரியாது. அவர் கணக்கில் அவர் வழக்கமான சத்தத்தில்தான் பேசுகிறார். "உங்களுக்குத்தான் காது கேக்கலை" என்று மனைவியிடம் கோபித்துக்கொள்வார். அந்த அம்மாவும் காது டாக்டரிடம் ஒரு தடவை போய்வந்திருப்பார்.

இதற்கென்றே ஒரு குரல் பயிற்சி இருக்கிறது. 1987-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் லொரெய்ன் ரேமிக் என்ற பேச்சுப் பயிற்சி நிபுணர் தொடங்கியது. பார்க்கின்சன் வந்த லீ சில்வர்மன் என்ற பெண்மணியின் பேச்சைக் கேட்க முடியவில்லையே என்று அவர் குடும்பத்தார் தவித்ததிலிருந்து பிறந்ததால் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். வாரத்துக்கு நாலு நாள், நாலு வாரம், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் என்று மொத்தம் 16 அமர்வு. சொல்லித்தருவதோ ஒரே விஷயம்: சத்தமாகப் பேசு. உச்சரிப்பு, வேகம், மூச்சு என்று பத்து அறிவுரை சொன்னால் எதுவும் நிற்காது. சத்தம் ஒன்றைப் பிடித்தால் மற்றதெல்லாம் கூடவே கொஞ்சம் சரியாகிறது. 'ஆ' என்று நீட்டிப் பிடிப்பார்கள். தினமும் வீட்டில் சொல்லும் பத்து வாக்கியங்களை எழுதிவரச் சொல்வார்கள்: "மோட்டார் போட்டாச்சா?", "பேப்பர் வந்துடுச்சா?" மாதிரி. அதைப் போனில் பதிவு செய்து போட்டுக் காட்டுவார்கள். தான் கத்துவதாக நினைத்துக்கொண்டு பேசியது பதிவில் சாதாரணப் பேச்சாக ஒலிப்பதைக் கேட்கும்போதுதான் அவர் அளவுகோல் திருந்தத் தொடங்கும். இதே முறையைக் கை காலுக்கு மாற்றி, எல்லா அசைவையும் வேண்டுமென்றே பெரிசாகச் செய்யும் பயிற்சியும் உண்டு. முறையாகச் சான்றிதழ் பெற்ற தெரபிஸ்ட் உங்கள் ஊரில் இல்லாவிட்டாலும், 'பெரிசாகச் செய், சத்தமாகச் சொல்' என்ற அடிப்படையை பிசியோ, ஸ்பீச் தெரபிஸ்ட் யாரிடமும் கேட்டுப் பெறலாம்.

ஸ்பீச் தெரபிஸ்ட் பேச்சுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். விழுங்குவதையும் அவர்தான் பார்ப்பார். பார்க்கின்சன் முற்றியவர்களுக்கு நிமோனியா வருவதற்கு ஒரு முக்கியக் காரணம், உணவோ எச்சிலோ நுரையீரல் பக்கம் இறங்கிவிடுவது. இருமலே வராமலும் இறங்கலாம். தண்ணீர் குடித்தபின் குரல் களகளவென்று ஈரமாக ஒலித்தாலோ, சாப்பாடு முடிய ஒரு மணி நேரம் ஆனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ உடனே காட்ட வேண்டும். நம் சாப்பாட்டில் மோசமானது ரசம் சாதம். நீராகவும் பருக்கையாகவும் ஒரே வாயில் இரண்டு விதமாகப் போவதால் தொண்டைக்குக் குழப்பம். நன்றாகக் குழைத்துப் பிசைந்த தயிர் சாதம் எளிதாக இறங்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, டிவியை அணைத்துவிட்டு, சின்ன வாயாகச் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட கையோடு படுக்கக் கூடாது.

மாத்திரைக்கும் பயிற்சிக்கும் நேரப் பொருத்தம் உண்டு. லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமினாக மாறும் மருந்து) கலந்த மாத்திரை போட்டு, அது வேலை செய்யத் தொடங்கியபின் உடம்பு இளகும். தீரும் நேரத்தில் மறுபடி இறுகும். உடம்பு இளகியிருக்கும் நேரத்தில் பயிற்சியை வையுங்கள். பிசியோ காலை ஆறு மணிக்குத்தான் வருவார் என்றால் மாத்திரை நேரத்தைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். புரதம் நிறைந்த சாப்பாட்டோடு மாத்திரை போட்டால் குடலிலும் மூளை வாசலிலும் இரண்டும் ஒரே வழியில் நெருக்கியடிக்கும். மாத்திரையின் பலன் குறையும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்கிறார்கள். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருப்பது உண்மைதான். அந்தக் காரணத்துக்காகவே அதை மாத்திரைக்கு மேல் கமுக்கமாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது, அளவு எகிறிவிடும். வேறு ஏதாவது நோய்க்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் பார்க்கின்சன் மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்கச் சொல்லுங்கள், தானாக நிறுத்தவே கூடாது. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடு ஊசி இந்த நோயை மோசமாக்கும் என்பதை ஒரு சீட்டில் எழுதி அவர் பையில் வைத்துவிடுங்கள்.

எவ்வளவு பயிற்சி வேண்டும்? பொதுவாகச் சொல்லப்படுவது வாரத்துக்கு 150 நிமிடம், லேசாக மூச்சு வாங்கும் அளவுக்கு. இதயக் கோளாறு இருந்தால் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். எந்தப் பயிற்சி என்பதில் சண்டை போட வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 195 பேரை வைத்துச் செய்த ஆய்வில் 'தாய் சி' என்ற, மெதுவாக அசைந்து செய்யும் சீனத்துப் பயிற்சி சமநிலையை நன்றாக உயர்த்தியது. வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட விழுவதும் குறைந்தது. 2012-ல் அது வெளியானது. டிரெட்மில், குத்துச்சண்டைப் பயிற்சி, நடனம் எல்லாவற்றுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மாரிஸ் நடனக் குழு 2001-லிருந்து பார்க்கின்சன் உள்ளவர்களுக்கென்றே வகுப்பு நடத்துகிறது. விட்டுவிடாமல் செய்யக்கூடியதுதான் நல்ல பயிற்சி. பயிற்சி நோயையே நிறுத்திவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது நிரூபிக்கப்படவில்லை. நடை, சமநிலை, மனநிலை ஆகியவற்றுக்கு உதவுகிறது என்பதே போதுமான காரணம். விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபின் தொடங்குவதைவிட, நோய் என்று தெரிந்த முதல் மாதத்திலேயே தொடங்கினால் பிடித்துக்கொள்ள உடம்பில் நிறைய மிச்சம் இருக்கும்.

அன்றாட வேலைகளைச் சுலபமாகச் செய்ய வழிசொல்லும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கிடைத்தால் வீட்டையே வந்து பார்க்கச் சொல்லுங்கள். பாத்ரூமில் கைப்பிடி, இரவில் வழியெல்லாம் மங்கலான விளக்கு, கால் தட்டும் மிதியடிகளை எடுத்துவிடுவது, சட்டைப் பட்டனுக்குப் பதில் வெல்க்ரோ என்று சொல்வார். படுக்கையில் புரள முடியாமல் தவிப்பவர்களுக்கு ஒரு சின்ன உபாயம்: இடுப்புக்குக் கீழே படும் இடத்தில் மட்டும் வழுவழுப்பான துணி, பழைய நைலான் புடவை மாதிரி, விரித்து மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். புரள்வது சுலபமாகும். பாதம் படும் இடத்தில் பருத்தி இருக்கட்டும், உந்திக்கொள்ளப் பிடிமானம் வேண்டும்.

மனசு விஷயம். மனச்சோர்வும் பதற்றமும் இந்த நோயின் அங்கங்களே. நோய் வந்த வருத்தத்தால் மட்டும் வருபவை என்று ஒதுக்கிவிட முடியாது. மருந்து உண்டு, கவுன்சலிங் உண்டு. முகத் தசைகளின் அசைவு குறைவதால் முகம் 'உம்' என்று இருக்கும். பேரப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றாலும் சிரிப்பு முகத்துக்கு வராது. "தாத்தாவுக்கு என்னைப் பிடிக்கலை" என்று குழந்தை சொல்வதற்குமுன் அந்தக் குழந்தைக்கு யாராவது விளக்கிவிட வேண்டும். கவனித்துக்கொள்பவர், பெரும்பாலும் மனைவி, ராத்திரி நாலு தடவை எழுந்தவராக இருப்பார். அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்க ஆள் வேண்டும். மும்பையில் 2001-ல் தொடங்கிய பார்க்கின்சன் மற்றும் அசைவுக் கோளாறு சங்கம் நாட்டின் பல ஊர்களில் ஆதரவுக் குழுக்களை நடத்துகிறது. பயிற்சி, பேச்சு, பாட்டு என்று நோயாளியும் குடும்பத்தாரும் சேர்ந்து உட்காரும் கூட்டங்கள் அவை. தன்னைப் போலவே கால் ஒட்டிக்கொண்டு நிற்கும் இன்னொருவரைப் பார்த்துச் சிரித்துக்கொள்ள அங்கேதான் முடியும்.

அரசு உதவியும் இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைக் குறைபாடுகளில் பார்க்கின்சனும் ஒன்று. இது பலருக்குத் தெரியாது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்றிதழ் கிடைத்தால் அடையாள அட்டை வாங்கலாம். தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.

தெரபிஸ்டிடம் முதல் தடவை போகும்போது இரண்டு பொருள் எடுத்துப்போங்கள். ஒன்று, மாத்திரை போட்ட நேரமும் உடம்பு இளகிய, இறுகிய நேரமும் எழுதிய ஒரு வாரத்துத் தாள். இன்னொன்று, போனில் எடுத்த வீடியோ. ஆஸ்பத்திரியின் அகலமான வராந்தாவில், டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உங்கள் அப்பா ஜோராக நடந்து காட்டுவார்; கவனம் முழுவதும் நடையில் இருப்பதால் கால் உறையாது. "வீட்ல இப்படி நடக்க மாட்டாருங்க" என்று நீங்கள் சொல்வதை யார் நம்புவார்கள்? பாத்ரூம் வாசலில் அவர் நிற்பதை, அவரிடம் கேட்டுக்கொண்டு, பாதம் தெரியும்படி அரை நிமிடம் எடுத்துவையுங்கள்.